பந்து ஓடும்போது தொடக் கூடாது

“ரெஃபரி இல்லைன்னா டீம் இல்ல. அவ்ளோதான் விஷயம்,” என்றார் செயலாளர்.

பயிற்சி ஆட்டம் முடிந்து மோட்டார் நாற்காலிகள் கூடத்தின் நடுவே வட்டம் கட்டி நின்றிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் பாதங்களைச் சுற்றி ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு. சக்கர நாற்காலிக் கால்பந்தில் அதுதான் கால். அதனால் இடித்துத்தான் பந்தை உதைப்பார்கள். பந்தும் லேசுப்பட்டதில்லை, சாதாரணக் கால்பந்தை இன்னும் ஊதிப் பெருக்கியதுபோல் இருக்கும்.

“பழைய ரெஃபரிக்கு என்ன வந்துச்சாம்?”

“பொண்ணு பிரசவத்துக்குன்னு ஊருக்குப் போனாரு. பேரனப் பாத்ததும் அங்கயே உக்காந்துட்டாரு. இனிமே வர மாட்டாராம்.”

“அந்தப் பேரனாவது விசிலடிப்பானான்னு கேளுங்க,” என்றாள் கோல்கீப்பர் பெண். அவளை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைத் தாண்டிப் பந்து உள்ளே போவது அத்தனை கஷ்டம். அணிக்குத் தலைவியும் அவள்தான்.

“சிரிக்காத பூட்டு. லீக்ல கறாரா சொல்லிட்டாங்க. ஒவ்வொரு டீமும் ஒரு ரெஃபரியக் கொடுக்கணும். இல்லைன்னா இந்த வருஷம் நம்ம பேரே கெடையாது. ஓடத் தெரிஞ்சவங்க யாராவது கையத் தூக்குங்க.”

“கையத் தூக்கவே எங்களுக்கு ஆள் வேணும். இதுல ஓட வேற தெரியணுமா?”

கூடமே சிரித்தது. பூட்டின் அண்ணன்தான் அணியின் வேனை ஓட்டுகிறவன். அவன் சுவரோரமாக நின்றிருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னைப் பாக்காதீங்கப்பா. எனக்கு வீசிங். நான் ஒரு விசில் ஊதினா, அப்புறம் எனக்கு யாராவது ஊதணும்.”

“நான் வேணா ஊதறேனே?”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரியின் கணவன். லாரி என்பதும் கூடத்தில் வைத்த பேர்தான். ஆட்டத்தில் நேராக வருவாள், பிரேக் போட மாட்டாள்.

“மன்னிச்சுக்கோங்க. காதுல விழுந்துச்சு, அதான்.”

செயலாளர் கையைத் தட்டினார். “அட, நம்ம கண்ணாடிக் கடைக்காரர்! இனிமே ரெஃபரிக்குக் கண்ணு தெரியலைன்னு ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது.”

“சொந்த டீம் ஆட்டத்துக்கும் இவரே ஊதலாமா சார்?” என்று லாரி கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“ஆளே கெடைக்கலம்மா. இதுல சொந்தம் பந்தம்னு பாத்தா முடியுமா? வாராவாரம் பயிற்சிக்கும் இவரே ஊதட்டும். நல்லாப் பழகும்.”

கணவன் ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி அவள் பக்கத்தில் வந்து நின்றான். வந்த வேகத்தில் அவள் மூக்கில் சரிந்திருந்த கண்ணாடியை நேராக்கினான்.

“உனக்குச் சந்தோஷந்தானே ம்மா?”

எல்லா முகமும் அவளையே பார்த்தன.

“சந்தோஷந்தான்,” என்றாள். வேறென்ன சொல்வது?

அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். குடியா, இல்லை. கோபமா, இல்லை. காலையில் அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையை எடுத்து நாற்காலியை ஓட்டும் ஜாய்ஸ்டிக்கின்மேல் வைத்துவிட்டுத்தான், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவான். அவளுக்கு விரல்கள் அசையும். ஆனால் கையைத் தூக்க ஆகாது. பலமாகத் தும்மினால்கூடக் கை நழுவி மடியில் விழுந்துவிடும். விழுந்தால் நாற்காலி நகராது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் அறை மூலையில் கேமரா மாட்டியிருந்தான். கடையில் கவுண்டருக்கு அடியில் சின்னத் திரை. கை விழுந்தால் அவள் கூப்பிடக்கூட வேண்டாம். வாடிக்கையாளர் மூக்கில் பாதி மாட்டிய கண்ணாடியோடு அப்படியே நிற்க, இவன் இரண்டு தெரு ஓடி வந்துவிடுவான்.

“அதுக்குள்ள எப்படிங்க வந்தீங்க?”

“பாத்துட்டே இருக்கேன்ல?”

அதை அவன் ஆசையாகத்தான் சொல்வான். வீட்டுக்கு வருகிறவர்கள் கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்கள். “உனக்கு அமைஞ்ச மாதிரி யாருக்குடி அமையும்?” அவளும் தலையை ஆட்டுவாள். தலை ஒன்றுதான் நன்றாக ஆடும்.

கூடம் மட்டும்தான் அவன் கண் படாத இடம். சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்: “நீங்க உள்ள இருந்தா எனக்கு ஆட வராது. வெளிய இருங்க.” அவனும் மறுபேச்சு பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பான்.

அந்தக் கூடத்தில்தான் ஒருநாள் இடித்த வேகத்தில் கை விழுந்தது. “கை! கை!” என்று கத்தினாள். ஆட்டம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“வந்து எடுத்து வைக்க எங்களுக்கு மட்டும் கை இருக்கா அக்கா?” என்று பூட்டு கோலிலிருந்து கத்தினாள். “நீயே ஏதாவது பண்ணு!”

பண்ணினாள். கழுத்தை வளைத்து, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, சட்டைக் கையின் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுத்து, தோளை ஒரு வெட்டு வெட்டி, கையை ஜாய்ஸ்டிக்கின்மேல் போட்டாள். எச்சில் ஒழுகியது. நாய் துணியை இழுத்த மாதிரிதான் இருந்திருக்கும். ஆனால் கை போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் லாரி என்று பேர் வைத்தார்கள்.

வெளியே வந்ததும் கணவன் கேட்டான். “சட்டைக் கை ஏன் ஈரமா இருக்கு?”

“தண்ணி சிந்திடுச்சுங்க.”

அவன் மூடி இறுக்கமாக இருக்கும் பாட்டிலாக ஒன்று வாங்கி வந்தான்.

உண்மையை அவள் சொல்லவில்லை. சொன்னால் காட்டச் சொல்வான். காட்டினால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பான். நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த பெரிய கிளைக்கு அவனை மேனேஜராக வரச்சொல்லி முதலாளி கேட்டபோதும் அவள் சொல்லவில்லை. “அவ்ளோ தூரம் போனா, இந்தக் கை விழுந்தா யாரு எடுத்து வைப்பா?” என்று சிரித்துக்கொண்டே அவன் வேண்டாமென்றபோது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவன் விசிலோடு கூடத்துக்குள்ளேயே வரப்போகிறான்.

லீக் நடத்தும் நடுவர் வகுப்புக்குப் போய் வந்தான்; அதில் தேற ஓர் ஆட்டத்தை ஊதிக் காட்ட வேண்டும். பீரோ கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டியும் மடக்கியும் சைகை பழகினான். சமையலறையில் நின்று ஊதிப் பார்த்தான். மேல்வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டாள்.

“அப்படி என்னதான் வேகவைக்கிறீங்க? காலையிலேர்ந்து விசில எண்ணி எண்ணிக் கணக்கு தப்பி என் குக்கர்ல எல்லாம் குழைஞ்சு போச்சு.”

“ரெஃபரி ஆகப் போறேன்மா.”

“அதுக்கு வீட்லயா ஆகணும்?”

லாரி தன்னால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தாள்.

“உங்களுக்கு முட்டி வலிக்குமேங்க.”

“ஓடினா சரியாயிடும்னு டாக்டரே சொல்றாரு.”

“கடையில லீவு கொடுப்பாங்களா?”

“முதலாளிகிட்ட சொன்னேன். உங்க சம்சாரத்துக்காகன்னா போங்கன்னுட்டாரு. நீ கேள்வி கேளு ம்மா, நான் சரியாச் சொல்றேனான்னு பாரு.”

“ஒரே டீம்ல ரெண்டு பேரு பந்துக்கிட்ட போனா?”

“தப்பு. ஒருத்தர் பந்துக்கிட்ட இருந்தா, அவங்க டீம்ல இன்னொருத்தர் பந்துலேர்ந்து மூணு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். கோல்கீப்பருக்கு மட்டும் அவங்க கட்டத்துல விலக்கு.”

“ஏன் தள்ளி நிக்கணும்?”

“நெருக்கினா வண்டி வண்டியோட சிக்கிக்கும். ஆடறவங்களுக்கு எடம் வேணாமா?”

“நல்லாச் சொல்றீங்க,” என்றாள். அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

“ஆடறவங்க கை ஜாய்ஸ்டிக்லேர்ந்து விழுந்தா?”

“பந்து ஓடும்போது ரெஃபரி தொடக் கூடாது. ஆபத்துன்னா ஊதி நிறுத்தணும். இல்லைன்னா ஆட்டம் போயிட்டே இருக்கும். பந்து நின்னப்புறம் அவங்க ஆளு வந்து வைக்கலாம்.” ஒப்பித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “ரூல் போட்டவன் கல்நெஞ்சக்காரன்.”

“ரெஃபரி தொட்டுட்டா?”

“தேர்வுல தொட்டா ஃபெயில்தான். வகுப்புல அழுத்தி அழுத்திச் சொன்னாங்க.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நழுவியது. அதை எடுத்து ஜாய்ஸ்டிக்கின்மேல் வைத்தான். பேச்சு நிற்கவில்லை. கையை எடுத்து வைத்தது அவனுக்கே தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவன் கடையில் இருக்கும்போது பூட்டுக்கு போன் போட்டாள்.

“அவரு உள்ள வந்தா எனக்கு மூச்சு முட்டும்டீ.”

“வேணாம்னு சொல்லித் தொலையேன்.”

“எப்படிச் சொல்ல? ஆசையா விசில் வாங்கி வச்சிருக்காரு. டீமும் போயிடும்.”

“டீம நெனச்சுக் கவலைப்படாத. உங்க ஆளு தேறலைன்னா எங்க அண்ணன அனுப்பறேன். இன்ஹேலரையும் விசிலையும் ஒரே கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டி விட்டாப் போச்சு.”

லாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே இன்னொரு அழைப்பு உள்ளே வந்தது. கணவன்.

“யாரு கூட ம்மா அப்படிச் சிரிக்கிற?”

“சும்மா... பூட்டு.”

“சிரிக்கிறது பாக்க நல்லா இருந்துச்சு. அதான் கேட்டேன். நீ பேசு, பேசு.”

அதற்குப் பிறகு என்ன பேச?

தேர்வு நாளன்று பக்கத்து அணியை ஆட அழைத்திருந்தார்கள். தேர்வாளர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள். ஓடுவதற்கான ஷூ, அதிகம் பேசாத வாய். கணவன் கறுப்புச் சட்டையில் விறைப்பாக நின்றான். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு நாற்காலியும் அனுமதித்த வேகத்தை மீறுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அவள் முறை வந்தது.

“உங்க வண்டிய அந்தக் கோட்டுலேர்ந்து நேரா ஓட்டி வாங்க,” என்றான்.

அவள் திடுக்கிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை ‘நீங்க’ என்று சொன்னதே இல்லை. யாரோ ஒரு வெளியாள் பேசுவதுபோல் இருந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது. மனசு ஒரு நிமிஷம் தடுமாறியது. உடனே அவன் குனிந்து அவள் காதருகே, “பெல்ட் இறுக்கமா இருக்கா ம்மா?” என்றான். தடுமாற்றம் போய்விட்டது.

முதல் பாதியில் அவன் நன்றாகவே ஊதினான். முட்டியை நொண்டிக்கொண்டு ஓடினாலும் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லாரி காத்திருந்தாள். மூலையில் பந்து அவளுக்கும் எதிரணிக்காரனுக்கும் நடுவே வந்து நின்றது. கணவன் பக்கத்திலேயே இருந்தான். அவள் தோளை லேசாகச் சாய்த்தாள். கை வழுக்கி மடியில் விழுந்தது.

விசில் அவன் வாயில்தான் இருந்தது, ஊதவில்லை. வந்தான், குனிந்தான், கையை எடுத்து வைத்தான், மேலேறியிருந்த சட்டைக் கையை இழுத்து விட்டான், கண்ணாடியையும் நேராக்கினான்.

“சரியா ம்மா?”

அவன் முதுகுக்குப் பின்னால் பந்து நழுவி ஓடியது. எதிரணி கத்தியது. கோல்! இல்லை, கோட்டைத் தாண்டவில்லை! தாண்டியது! எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் இன்னும் மனைவியின் கண்ணாடியில் இருந்தார்.

தேர்வாளர் தன் விசிலை எடுத்து ஊதினார்.

“ரெஃபரி, அது கோலா, இல்லையா?”

“பாக்கல மேடம்.”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கை விழுந்துச்சு மேடம்.”

“ரூல் தெரியுமா?”

ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

“அதச் சொல்லிட்டே தொடுவீங்க போல,” என்றார் தேர்வாளர். “ரெண்டாவது பாதி இருக்கு. அதுக்காக விடறேன். இன்னொரு தடவை தொட்டீங்கன்னா விசில என்கிட்ட கொடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்.”

இடைவேளையில் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்ட்ராவை வாயில் வைத்தான்.

“கொஞ்சம் பாத்து ஆடு ம்மா. இன்னொரு தடவை கை விழுந்தா நான் காலி.”

“விழல,” என்றாள்.

“என்ன?”

“கை தானா விழல. நானாத்தான் விட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்க தொடுவீங்கன்னு தெரியும். தொட்டா ஃபெயில்னும் தெரியும்.”

அவன் ஸ்ட்ராவைப் பிடித்தபடியே நின்றான். “நான் ஃபெயில் ஆனா உனக்கு என்ன கெடைக்கும்?”

“இந்த ஹால் கெடைக்கும். நீங்க பாக்காத எடம்னு எனக்கு இது ஒன்னுதாங்க இருக்கு.”

“அப்படி என்ன பண்ணிட்டேன் நான்?”

“ஒன்னும் பண்ணல. எல்லாம் நல்லதுதான் பண்ணீங்க. அதனாலதான் சொல்ல வாயே வரல.”

அவன் பாட்டிலை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினான்.

“சரி. இப்ப உள்ள போறேன். போனதும் உன் கையத் தொடறேன். ஃபெயில் ஆயிடறேன். வீட்டுக்குப் போவோம். உனக்கு அதானே வேணும்?”

“ஐயோ, வேணாம்!” அவளுக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. “அதையும் எனக்காகப் பண்ணாதீங்க.”

“பாஸானாலும் தப்பு. ஃபெயிலானாலும் தப்பு. அப்போ நான் எங்கதான் போய் நிக்கிறது, அதச் சொல்லு.”

அவள் தோண்டிய குழியில் அவனும் விழவில்லை, அவளாலும் ஏறி வர முடியவில்லை. உள்ளே தேர்வாளரின் விசில் சத்தம் கேட்டது.

இரண்டாவது பாதி தொடங்கியதும் அவன் வேறு ஆளாக இருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த சூட்டில் அவள்மேலேயே ஊதினான்.

“மூணு மீட்டருக்குள்ள வந்துட்டீங்க.”

“நான் எங்க வந்தேன்? தள்ளித்தானே நின்னேன்!”

“ரெஃபரிகிட்ட கேப்டன் மட்டும்தான் பேசலாம்.”

“கேப்டன் சொல்றேன் ரெஃபரி,” என்று பூட்டு கோலிலிருந்து கத்தினாள். “நீங்க ஊதினது சரிதான். லாரிக்காவுக்கு எப்பவும் பந்து மேலயே உக்காரணும்!”

சொந்த அணியே சிரித்தது. அவளுக்கு முகம் சூடேறியது. அந்தக் கோபத்தோடு அடுத்த பந்துக்கு நேராகப் போனாள். எதிரணிக்காரனும் நேராக வந்தான். இரண்டு தடுப்பும் ஒரே நேரத்தில் பந்தில் மோதின. இது தப்பாட்டம் இல்லை. ஆனால் அடி தோள்வரை வந்தது. கை எகிறி மடிக்கு வெளியே தொங்கியது.

இந்தத் தடவை அவள் விடவில்லை. நிஜமாகவே விழுந்தது. அதுவும் தன் கோலுக்கு நேர் எதிரே, வழியை மறித்துக்கொண்டு.

“நகரு லாரிக்கா! நகரு! எனக்குப் பந்து தெரியல!”

கணவன் நாலடி தூரத்தில் நின்றான். அவன் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது அவளுக்குத் தெரிந்தது.

பந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கும்போது அதைச் செய்வதா? உடம்பில் ஒரு துணியும் இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. இந்த உடம்பில் அவன் பார்க்காத ஒன்று அது மட்டும்தான்.

“லாரிக்கா!”

கழுத்தை வளைத்தாள். பல் முதலில் காற்றைத்தான் கடித்தது. இன்னும் சாய்ந்தாள். துணி அகப்பட்டது. மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. தொண்டையிலிருந்து உறுமல்போல் ஏதோ ஒரு சத்தம் வந்தது. இழுத்தாள், தோளை வெட்டினாள், தவறியது, மறுபடி இழுத்தாள். கை வந்து உட்கார்ந்தது. தாடையில் எச்சில் வழிய, மங்கலாகத் தெரிந்த பந்தைப் பார்த்து நாற்காலியைச் சுழற்றி ஓர் அடி அடித்தாள்.

பந்து நேராகக் கோட்டுக்கு வெளியே போனது.

நடுவர் வாயில் விசிலில்லை. வாய் திறந்திருந்தது. சட்டென்று சுதாரித்து விசிலை வைத்து ஊதினான். எதிரணிப் பக்கம் கையை நீட்டினான். “அவங்க பந்து,” என்றான்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் அவன் கையைக் குலுக்கினார். “பாஸ். முட்டிக்கு ஏதாவது கட்டிக்கோங்க.” செயலாளர் அவனைக் கட்டிப்பிடித்தார். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து நாற்காலிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

“அத எப்போ கத்துக்கிட்ட?”

“எத?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

“ரொம்ப நாளாச்சுங்க.”

“அப்போ சட்டைக் கை ஈரம்?”

“அதான்.”

“நான் பாட்டில் பாட்டிலா மாத்தினேனே.”

“ஆமா.”

“பெரிய கடைக்கு மேனேஜரா வரச்சொன்னாங்களே. அப்போவே தெரியுமா உனக்கு?”

பொய் சொல்லலாம். அவன் நம்பவும் நம்புவான். “தெரியும்,” என்றாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அந்த வேலைய எவ்ளோ... ஒரு வார்த்தை.”

“சொன்னா விடுவீங்களா? எப்படி எடுக்கிற, காட்டுன்னு எதிர்ல உக்காருவீங்க. கழுத்து சுளுக்கிக்கும், பல்லு போயிடும்னு ரெண்டே நாள்ல நிறுத்திடுவீங்க.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல முடியவில்லை.

“அசிங்கமா இருக்கும்னு மறைச்சியா?”

“அதுவும்தான்.”

“அசிங்கமெல்லாம் ஒன்னும் இல்ல.” சற்றுப் பொறுத்து, “கொஞ்சம் இருந்துச்சு,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது, ஆனால் நிற்காமல் எங்கோ பிசகி அழுகையாகப் போய்விட்டது. அவன் முகத்தைத் துடைக்க அவளால் ஆகாது. பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, முக்காலியைப் போட்டு ஏறி, மூலையிலிருந்த கேமராவைக் கழற்றினான். கழற்றியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலிமேலேயே நின்றான்.

“இத எங்க வைக்கிறது?”

“எனக்கென்ன தெரியும்?”

மறுநாள் காலை அவன் கிளம்பிப் போனதும் வீடு பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. வேண்டுமென்றே ஜன்னல்வரை போனாள். வாசல்வரை போனாள். நாக்கை நீட்டிச் சுவருக்குப் பழிப்புக் காட்டினாள். யாரும் போன் போடவில்லை. அப்புறம் தும்மினாள். கை விழுந்தது. குனிந்த பிறகுதான் கவனித்தாள்: அவன் அன்றைக்கு மாட்டிவிட்டது அரைக்கைச் சட்டை. கவ்வுவதற்குத் துணியே இல்லை.

போன் இருந்தது. வாயால் பேர் சொன்னால் போதும், அழைப்பு போய்விடும். பேரைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வாசல் கதவுக்கு முகத்தைக் காட்டியபடி, மடியில் கிடந்த கையோடு, அவன் சாப்பிட வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெயில் தரையில் நகர்ந்து அவள் சக்கரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

உள்ளே வந்தவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

“எவ்ளோ நேரமா இப்படி? ஏன் கூப்பிடல?”

“நீங்க ஏன் வரல?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் வந்தான், தயங்கினான்.

“எடுத்து வைக்கவா?”

இதுவரை அவன் கேட்டதே இல்லை. “வைங்க,” என்றாள். வைத்தான்.

“நாளையிலேர்ந்து முழுக்கைச் சட்டைதான்,” என்றான். முழுக்கைச் சட்டையையும் அவன்தான் மாட்டிவிட வேண்டும்.

அடுத்த வாரம் பயிற்சிக்கு அவன் கறுப்புச் சட்டையில் வந்தான். அவளை ‘நீங்க’ என்றான். ஒருமுறைகூடக் கண்ணாடியை நேராக்கவில்லை. அது ஆட்டம் முழுக்க அவள் மூக்கு நுனியிலேயே தொங்கியது. இரண்டு தடவை அவள்மேல் ஊதினான். ஒன்று அநியாயம். பூட்டே ஒத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பூட்டின் அண்ணன் நடுவரின் தோளில் கைபோட்டு, “வாங்க சார், ஒரு டீ அடிப்போம்,” என்று கூட்டிக்கொண்டு போனான். ஸ்பிரிங் வைத்த கனமான கதவு அவர்களுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. லாரி கதவருகே போய் நின்றாள். உள்பக்கமாக இழுத்தால்தான் அது திறக்கும். இத்தனை நாளும் யாராவது பிடித்துக்கொண்டிருந்ததால் அதை ஒரு கதவென்றே அவள் நினைத்ததில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்தான் டீ மெஷின். பேச்சு தெளிவாகக் கேட்டது. கண்ணாடி மாட்டிய பிறகு தன் மருமகளின் முகத்தை முதல்முதலாகப் பார்த்து, பழைய கண்ணாடியே போதும் என்று திருப்பிக் கொடுத்த ஒரு கிழவரைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தான். வீட்டில் அவன் இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அங்கே பாதிச் சிரிப்பிலேயே அவன் கண் அவள் கைக்குப் போய்விடும்.

கூப்பிட்டால் ஓடி வருவான். சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டாள். கூடம் காலியாக இருந்தது. அவளுக்கென்று அவள் கேட்ட கூடம், ஆளில்லாமல், வெளியே போக வழியில்லாமல். பந்தை எடுத்துவைக்க மறந்துவிட்டார்கள் போல. அது கோல் கம்பத்தருகே கிடந்தது. போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவுக்கு நேராக நிறுத்தி, பின்னால் வந்து, சுழன்று அடித்தாள்.

டம்.

வெளியே பேச்சு நின்றது.

“உள்ள யாரு? உங்க வீட்டம்மா போல,” என்றது அண்ணனின் குரல். “போய்க் கதவத் தொறந்து விடவா?”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிட்டாளா?”

“இல்ல. பந்துதான் கதவுல மோதுது.”

“அப்போ ஆடட்டும். டீ ஆறிடப் போகுது, குடி.”

பந்து கதவில் பட்டு மெல்ல உருண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் எடுத்தாள், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் இடம் விட்டு.